டிரைவ்-இன் தியேட்டர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஏன் வரவே இல்லை? ஒரு நாள் மட்டும் நாமே நடத்த முடியுமா?

கருங்கல் சந்திப்பு எழுதியது:

எங்கள் சித்தி மகன் பென்சில்வேனியாவில் வேலை பார்க்கிறான். போன வாரம் குடும்பத்தோடு டிரைவ்-இன் தியேட்டருக்கு, அதாவது திறந்த வெளியில் காரில் இருந்தபடியே படம் பார்க்கும் தியேட்டருக்கு, போனதாகச் சொல்லிப் படங்கள் அனுப்பியிருந்தான். காரின் பின்கதவைத் தூக்கி வைத்து, உள்ளே மெத்தை விரித்து, பிள்ளைகள் படுத்த வாக்கில் படம் பார்க்கிறார்கள். ஷாங்க்வைலர்ஸ் என்று பெயராம். 1934-ல் தொடங்கியது, இன்றும் ஓடுகிற டிரைவ்-இன்களில் அதுதான் மூத்தது என்கிறான். கார் ரேடியோவில் ஓர் அலைவரிசையைத் திருப்பினால் வசனம் கேட்கிறதாம்.

படங்களை எங்கள் இளைஞர் மன்றக் குழுவில் போட்டதுதான் தாமதம், ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் பள்ளி மைதானத்தில் ஒரு நாள் இப்படிப் படம் போடலாம் என்று பேச்சு. ஐம்பது அறுபது கார் தாராளமாக நிற்கும். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களும் அப்போது ஊரில் இருப்பார்கள். அப்பாவிடம் சொன்னேன். “இதில் என்ன புதுமை? ஓலைக் கொட்டகையில் மணலில் படுத்து நாங்கள் பார்க்காததா?” என்று கேட்டுவிட்டுச் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் வரை சந்திக்குச் சந்தி சினிமாக் கொட்டகை இருந்த மாவட்டம் இது. இங்கே ஏன் ஒரு டிரைவ்-இன்கூட வரவில்லை? அந்தக் காலத்தில் ரேடியோ ஏற்பாடு இல்லாதபோது காருக்குள் ஒலி எப்படிப் போனது? நாங்கள் நினைப்பது நடக்கிற காரியம்தானா?

---

கோட்டாறு டு சென்னை எழுதியது:

தமிழ்நாட்டுக்கு டிரைவ்-இன் வரவில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில், பிரார்த்தனா இருந்தது. 1990-களில் தொடங்கியது. கல்லூரி முடித்து வேலைக்குப் போன புதிதில் நண்பர்களோடு அங்கே போயிருக்கிறேன். எங்களில் ஒருவனிடம்தான் கார் இருந்தது. அதுவும் அவன் மாமாவுடையது. கார் இருந்தாலும் காருக்குள் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. முன்னால் பாயை விரித்துச் சாய்ந்துகொள்வார்கள். புளியோதரைப் பொட்டலம், தண்ணீர்ப் போத்தல், கைக்குழந்தைக்கு ஒரு போர்வை. கடற்காற்று வேறு. படம் எப்படி இருந்தாலும் டிக்கெட் காசுக்குக் காற்றே போதும்.

இடைஞ்சலும் இருந்தது. தாமதமாக வருகிற ஒருவர் முகப்பு விளக்கை அணைக்காமல் உள்ளே திரும்பினால் திரையில் பாதி வெளுத்துவிடும். உடனே நாலா பக்கமும் ஹாரன் சத்தம். வந்தவர் பதறிப்போய் இன்னும் பெரிய விளக்கைப் போட்டுவிடுவார். அந்தக் கூத்துக்குத்தான் அன்றைக்குப் பெரிய கைதட்டல்.

இப்போது அந்தத் தியேட்டர் இல்லை. மனையின் விலை ஏறிய பிறகு எந்தத் திரை நிற்கும்? சிலர் கதீட்ரல் சாலையில் இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னையும் தியேட்டர் என்றே நினைத்துப் பேசுகிறார்கள். அது 1962-ல் வந்த ஹோட்டல். காரிலேயே உட்கார்ந்து டிபன் சாப்பிடலாம். 2008-ல் மூடினார்கள். அந்த இடத்தில்தான் இன்று செம்மொழிப் பூங்கா இருக்கிறது.

இந்தியாவில் பெயர் பெற்றது அகமதாபாத்தில் 1973-ல் திறந்த சன்செட் டிரைவ்-இன். அறுநூறுக்கும் மேற்பட்ட கார்கள் நிற்கும். அந்தச் சாலைக்கே டிரைவ்-இன் ரோடு என்றுதான் பெயர். கார் இல்லாதவர்கள் உட்கார அங்கேயும் தனி இடம் உண்டு.

---

தக்கலை ஆபரேட்டர் எழுதியது:

தம்பி, உங்கள் அப்பா சொன்னதில் பாதியைத்தான் நான் ஒத்துக்கொள்வேன். டூரிங் கொட்டகையில் தொடங்கி, பிறகு ஓடு போட்ட தியேட்டர், கடைசியில் குளிர்சாதனத் தியேட்டர் என்று நான் புரொஜக்டர் அறையிலேயே நரைத்தவன். திறந்த வெளியில் படம் காட்டுவது வேறு, காரில் உட்கார வைத்துப் படம் காட்டுவது வேறு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால் ஆபரேட்டருக்குக் கோபம் வரும்.

டிரைவ்-இன்னைக் கண்டுபிடித்தவர் ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்ற அமெரிக்கர். கார் சம்பந்தமான பொருள்களை விற்கும் குடும்பத் தொழிலில் இருந்தவர். வீட்டு முற்றத்தில் மரங்களுக்கு இடையே ஒரு துணியைக் கட்டினார். காரின் பானெட்டின் மேல் புரொஜக்டரை வைத்துப் படம் ஓட்டினார். அதுவரை யார் வேண்டுமானாலும் செய்வார்கள். அவர் அடுத்து யோசித்ததுதான் விஷயம்: முன்னால் ஒரு கார் நின்றால் பின்னால் இருப்பவருக்குத் திரை தெரியாதே? முன்சக்கரங்களுக்கு அடியில் கட்டைகளை அடுக்கி, எவ்வளவு உயர்த்தினால் முன்கார் மறைக்காது என்று பார்த்தார். அந்தச் சரிவு மேடைகளுக்குத்தான் 1933 மே மாதம் காப்புரிமை வாங்கினார். அடுத்த மாதம் 6-ஆம் தேதி நியூ ஜெர்சியில் காம்டன் நகருக்குப் பக்கத்தில் முதல் தியேட்டரைத் திறந்துவிட்டார். நானூறு கார்கள். காருக்கு 25 சென்ட், ஆளுக்கு 25 சென்ட். ஒரு காருக்கு ஒரு டாலருக்கு மேல் வாங்குவதில்லை. பிள்ளைகள் எவ்வளவு கூச்சல் போட்டாலும் பரவாயில்லை, குடும்பத்தோடு வாருங்கள் என்று விளம்பரம் செய்தார்.

மழை பெய்தால் படம் தெரியுமா என்று பார்க்க, தோட்டத்துக்கு நீர் தெளிக்கும் குழாயைத் திறந்துவிட்டுக் கண்ணாடி வழியாகப் படம் பார்த்தாராம். ஆனி மாதம் பேச்சிப்பாறைப் பக்கம் வந்து அந்தச் சோதனையைச் செய்திருந்தால் காப்புரிமைக்கு விண்ணப்பமே போட்டிருக்க மாட்டார்.

ஒலியைப் பற்றிக் கேட்டீர்கள். முதல் தியேட்டரில் திரையின் பக்கத்தில் பெரிய ஒலிபெருக்கிகளை வைத்து அலற விட்டார்கள். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் தூங்க முடியவில்லை. பின்வரிசைக்காரர்களுக்கு வேறொரு தொல்லை. ஒலி ஒரு நொடிக்கு ஆயிரத்து நூறு அடி சொச்சம்தான் போகும். திரையிலிருந்து ஐந்நூறு அடி தள்ளி நிற்கும் காருக்கு வசனம் ஏறக்குறைய அரை நொடி தாமதமாக வந்து சேரும். நொடிக்கு இருபத்து நாலு கட்டம் ஓடுகிற பிலிமில் அது பத்துப் பதினொரு கட்டம். கதாநாயகன் வாயை மூடிய பிறகு குரல் வரும். அதற்காகத்தான் 1940-களில் கம்பத்துக்குக் கம்பம் சிறிய ஒலிபெருக்கி வைத்து, அதை எடுத்துக் கார்க் கண்ணாடியில் மாட்டிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. படம் முடிந்ததும் அதைக் கழற்ற மறந்து வயரோடு பிய்த்துக்கொண்டு போனவர்கள் ஏராளம் என்று படித்திருக்கிறேன். ரேடியோ வழியாக ஒலி தருவது அதற்கெல்லாம் பின்னால் வந்தது.

ஒலி பிந்தினால் கொட்டகையில் பழி எங்கள் தலையில்தான் விழும். பிலிமில் ஒலி படத்துக்குச் சுமார் இருபது கட்டம் முன்னால் பதிவாகியிருக்கும். படம் தெரியும் வாயிலும் ஒலி படிக்கும் உருளையும் இயந்திரத்தில் வேறு வேறு இடங்களில் இருப்பதால் அப்படி. இரண்டுக்கும் நடுவில் பிலிமை எவ்வளவு தளர்த்தி வளையம் விட வேண்டும் என்பது கைப்பழக்கம். வளையம் ஒரு விரல் கூடிப்போனாலும் வசனமும் உதடும் சேராது. முன்பெஞ்சிலிருந்து முதல் விசில் வரும்.

இனி வெளிச்சம். திரையின் அகலத்தையும் உயரத்தையும் இரட்டித்தால் பரப்பு நாலு மடங்காகிறது. அதே விளக்குக்கு வெளிச்சம் கால் பங்காகக் குறைகிறது. டிரைவ்-இன் திரை பல இடங்களில் நூறடி அகலம். அதற்கு ஈடாக வெளிச்சம் தர எங்கள் கார்பன் விளக்கைப் போலப் பல மடங்கு மின்சாரம் குடிக்கும் விளக்கு வேண்டும். எங்கள் கொட்டகைக்கு மின்சாரம் வாரியத்திலிருந்து பாதி, ஆயில் எஞ்சினிலிருந்து பாதி. இரண்டு கார்பன் குச்சிகளின் நுனிகளுக்கு இடையே நெருப்பு எரியும். குச்சி எரிந்து தேயத் தேய இடைவெளி கூடும். திருகைத் திருகி நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கறுப்புக் கண்ணாடி வைத்த சின்னத் துளை வழியாக அந்தச் சுடரைப் பார்த்துக்கொண்டேதான் பெரும்பாலான படங்களை நான் ‘பார்த்தேன்’. கதை எனக்குக் காதால்தான் தெரியும். அறையைவிட்டு வெளியே வந்தால் மூக்கில் விரலை விட்டால் கரி.

கொட்டகையில் ஒரே இயந்திரம்தான். ரீல் தீர்ந்ததும் விளக்கைப் போட்டு, அடுத்த ரீலை ஏற்றி, மறுபடி அணைக்க வேண்டும். தியேட்டருக்குப் போன பிறகுதான் இரண்டு இயந்திரங்களை மாற்றி மாற்றி ஓட்டக் கற்றேன். திரையின் வலப்பக்க மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னி மறையும். அடுத்த இயந்திரத்தின் மோட்டாரைப் போட வேண்டும். ஏழெட்டு நொடியில் இன்னொரு புள்ளி, மாற்றிவிட வேண்டும். அந்தப் புள்ளிகளைப் பார்த்த பொதுமக்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியவில்லை. எனக்கு இப்போதும் தொலைக்காட்சியில் பழைய படம் ஓடினால் கண் அந்த மூலைக்குத்தான் போகிறது.

டூரிங் சினிமா என்பது அமெரிக்க டிரைவ்-இன்னைவிட மூத்த பிள்ளை. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் இயந்திரத்தையும் படச்சுருள்களையும் வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகக் காட்டினார். அந்த வழியில் வந்தவைதான் நம் கொட்டகைகள். நான் வேலை கற்ற கொட்டகையில் தரை டிக்கெட்டுக்குக் குருத்து மணல் கொட்டியிருந்தார்கள். ஆட்கள் மணலைக் குவித்து மேடாக்கி அதன் மேல் உட்காருவார்கள். பின்னால் இருப்பவன் அதைவிட உயரமாகக் குவிப்பான். கடைசியில் பெஞ்சுக்காரனுக்கு மறைக்கும். பெஞ்சுக்காரன் எழுந்து சண்டைக்குப் போவான். ஹாலிங்ஸ்ஹெட் கட்டை அடுக்கித் தீர்த்ததும் இதே பிரச்சினையைத்தான்.

கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் பதினாறு மில்லிமீட்டர் பிலிம் ஓட்டும் சின்ன இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போவேன். கூரையும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. கடற்கரை ஊர்களில் காற்று அடித்தால் திரை கர்ப்பிணி வயிறுபோல் முன்னால் தள்ளும். வில்லனுக்கும் தொந்தி விழும். திரைக்குப் பின்பக்கமும் கூட்டம் உட்கார்ந்திருக்கும். எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தால் என்ன, எழுத்துப் படிக்கவா வந்தார்கள்? கதாநாயகன் இடக்கையால் வாள் வீசுவான், அவ்வளவுதான்.

ஏன் இங்கே வரவில்லை என்பதற்கு என் பதில்: அது காருக்காகச் செய்யப்பட்ட சினிமா. எங்கள் கொட்டகைக்கு வந்தவர்கள் நடந்தும் சைக்கிளிலும் கடைசிப் பஸ்ஸைக் கணக்குப் பார்த்தும் வந்தவர்கள். வாசலில் சைக்கிள் நிறுத்துமிடத்தில் டோக்கன் தீர்ந்துபோகும். கார் என்று பார்த்தால் டாக்டருடையது ஒன்று, எஸ்டேட் முதலாளியுடையது ஒன்று. எனக்கு டிரைவ்-இன் மேல் பெரிய ஆசையும் இல்லை. முதல் சிரிப்பு வசனத்துக்கு முந்நூறு பேர் ஒரே நேரத்தில் சிரித்தால் புரொஜக்டர் அறைச் சுவரே அதிரும். அந்தச் சத்தத்துக்காகத்தான் அந்தக் கரிப்புகைக்குள் நின்றேன். ஆளுக்கொரு தகரப் பெட்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்து சிரித்தால் ஆபரேட்டருக்கு என்ன கேட்கும்?

---

சென்ட் கணக்கு எழுதியது:

அண்ணாச்சி எல்லாம் சொன்னார், நிலத்தை விட்டுவிட்டார். நான் இடம் வாங்கி விற்கும் தொழிலில் இருக்கிறேன்.

ஐந்நூறு கார் நிற்கும் டிரைவ்-இன்னுக்குப் பத்து ஏக்கராவது வேண்டும். நம் ஊர்க் கணக்கில் ஆயிரம் சென்ட். இந்த மாவட்டத்தின் மொத்தப் பரப்பே 1,700 சதுர கிலோமீட்டருக்குக் குறைவு. அதிலும் மலை, காடு, குளம், வயல் போக மிச்சத்தில்தான் வீடும் கடையும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சதுர கிலோமீட்டருக்கு 555 பேர். நம்மிடம் ஆயிரத்துக்கு மேல். அண்ணன் தம்பி பாகம் பிரித்துப் பத்து சென்ட், எட்டு சென்ட் என்று வேலி போட்ட நாட்டில், பகல் முழுவதும் சும்மா கிடந்து இரவில் மூன்று மணி நேரம் மட்டும் சம்பாதிக்கும் ஆயிரம் சென்டை யார் விட்டுவைப்பார்கள்? ரப்பர் வைத்தால் வருடா வருடம் பால் வடியும்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1958 வாக்கில் நாலாயிரத்துக்கு மேல் இருந்தன. இப்போது ஏறக்குறைய முந்நூறு. ஊருக்கு வெளியே மலிவாகக் கிடைத்த நிலத்தில் கட்டினார்கள். ஊர் வளர்ந்து அங்கேயே வந்து நின்றது. நிலத்தை வணிக வளாகத்துக்கு விற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நமக்கு உண்டு. மழை குறைந்த ஆரல்வாய்மொழிப் பக்கம் போகலாம் என்றால் முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்று நூறடித் திரையைச் சும்மா விடுமா?

---

நெய்யூர்க்காரி எழுதியது:

ஆபரேட்டர் அண்ணாச்சிக்கு முந்நூறு பேர் சிரித்தது நினைவிருக்கிறது. அந்த முந்நூறில் பெண்கள் எத்தனை பேர் என்று அறையின் துளை வழியாக எண்ணிப் பார்த்தாரா?

எங்கள் ஊர்க் கொட்டகையில் பெண்களுக்கு இடப்பக்கம். நடுவில் இடுப்பளவு ஓலைத் தட்டி. அந்தப் பக்கத்திலிருந்து பீடித் துண்டு வந்து விழும். இருட்டில் கை வரும். பெரியவர்கள் தட்டிக்கு ஓரமாக உட்கார்ந்து எங்களைச் சுவர்ப்பக்கம் தள்ளிவிடுவார்கள். என் தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது படத்தின் பாதியில் அழத் தொடங்கினான். “வெளியே கொண்டு போ” என்று ஆண்கள் பக்கத்திலிருந்து கூச்சல். அம்மா வெளியே போய், டிக்கெட் கொடுக்கும் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று, கூம்பு ஒலிபெருக்கியில் வசனத்தைக் கேட்டுக்கொண்டே பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டினார். முடிவு என்ன ஆயிற்று என்று திரும்பி வரும் வழியில் எங்களிடம் கேட்டார். ஓலையைக் கட்டிக் கொளுத்திய சூட்டு வெளிச்சத்தில் நடந்து வந்தோம்; ஆளுக்கொரு விதமாகச் சொன்னோம். அதன் பிறகு அவர் படத்துக்கு வரவில்லை.

பிள்ளைகள் கூச்சல் போட்டாலும் வாருங்கள் என்று அந்த அமெரிக்கர் விளம்பரம் செய்தார் என்று படித்ததும் எனக்கு அம்மாவின் ஞாபகம்தான் வந்தது. கண்ணாடியை ஏற்றிக்கொள்ளலாம், பால் கொடுக்கலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அண்ணாச்சி சொல்லும் தகரப் பெட்டி அவருக்குச் சிறையாகத் தெரிகிறது. எங்களுக்கு அது கதவு தாழ்ப்பாள் போட்ட அறை.

எங்கள் வீட்டுப் பெண்கள் நிம்மதியாகப் படம் பார்த்தது, துபாயிலிருந்து வந்த மாமா வீடியோ டெக் கொண்டு வந்த பிறகுதான். அதற்குள் கூரையில் ஆன்டெனாவும் ஏறிவிட்டது. திருவனந்தபுரம் தூர்தர்ஷனுக்கு ஒரு பக்கமும் இலங்கை ரூபவாகினிக்கு இன்னொரு பக்கமுமாக அண்ணன் அதைத் திருப்பிக்கொண்டிருப்பான். கொட்டகைக்குக் கூட்டம் ஏன் குறைந்தது என்று எல்லாரும் தொலைக்காட்சியைக் கைகாட்டுகிறார்கள். வீட்டில் இருந்தபடி பார்க்க வழி வந்ததும் முதலில் கொட்டகையைக் கைவிட்டது இடப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்தான்.

---

தக்கலை ஆபரேட்டர் எழுதியது:

நெய்யூர் தங்கச்சி சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. பெண்கள் பக்கத்திலிருந்து புகார் வந்தால் படத்தை நிறுத்தி விளக்கைப் போடும்படி மானேஜர் மணி அடிப்பார். சில இரவுகளில் ரீல் தீர்வதற்கு முன்பே விளக்கைப் போட்டது அதற்காகத்தான். அப்போது ‘ஆபரேட்டர் ஒழிக’ என்று கத்தியவர்கள் வலப்பக்கத்துக்காரர்கள்.

அமெரிக்கா பற்றி ஒன்று விடுபட்டிருக்கிறது. 1967 முதல் அங்கே பெரும்பாலான மாநிலங்களில் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளி வைக்கத் தொடங்கினார்கள். பென்சில்வேனியாவில் ஜூன் மாதம் சூரியன் எட்டரைக்கு மறையும்; இருட்டிப் படம் தொடங்க ஒன்பதைத் தாண்டும். இரண்டு படம் போட்டால் நள்ளிரவு கழியும். மறுநாள் பள்ளிக்கூடம், வேலை. டிரைவ்-இன் முதலாளிகள் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். பிறகு பெட்ரோல் விலை, வீடியோ, பல திரை வளாகங்கள், எல்லாம் வரிசையாக வந்தன. 2013 வாக்கில் பிலிமை விட்டு டிஜிட்டலுக்கு மாறும்படி ஆனபோது, புது இயந்திரம் வாங்க முடியாமல் மூடியவையும் உண்டு. 2020-ல் கொரோனா வந்து தியேட்டர்களெல்லாம் பூட்டிக் கிடந்தபோது மிச்சமிருந்த டிரைவ்-இன்களுக்குத் திடீர் மவுசு.

இருட்டு விஷயத்தில் நமக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. வருடம் முழுவதும் ஆறு மணியிலிருந்து ஆறே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடும். அந்தி வெளிச்சமும் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்காது. எந்த மாதமானாலும் ஏழேகால் மணிக்குத் திரையில் கறுப்பு கறுப்பாகவே தெரியும். வடக்கே உள்ளவர்களுக்குக் கிடைக்காத வசதி. அதை வைத்துக்கொண்டு மழையிடம் தோற்கிறோம்.

---

கருங்கல் சந்திப்பு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நெய்யூர் அக்காவின் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “முன்வரிசை காரெல்லாம் கைக்குழந்தைக்காரர்களுக்கு என்று எழுதி ஒட்டு” என்று சொல்லிவிட்டார்கள். மன்றத்தில் இப்போது அதுதான் முதல் தீர்மானம்.

அண்ணாச்சி, டிசம்பர் 27 அல்லது 28 என்று நினைத்திருக்கிறோம். ஒரு டிஜிட்டல் புரொஜக்டர் வாடகைக்குக் கிடைக்கிறது. ஒலிக்கு எப்.எம். ஒலிபரப்புக் கருவி ஒன்று இணையத்தில் வாங்கலாமா? மைதானம் ஒரு பக்கம் சரிவாக இருக்கிறது, அது இடைஞ்சலா?

---

தக்கலை ஆபரேட்டர் எழுதியது:

மக்களே, டிசம்பரை விடுங்கள். வடகிழக்குப் பருவமழையின் வால் அந்த வாரத்திலும் அடிக்கும். பொங்கல் கழித்து வைத்தால் வானம் தெளிந்திருக்கும்; வளைகுடாக்காரர்களில் பாதிப் பேராவது அதுவரை இருப்பார்கள்.

எப்.எம். கருவி வேண்டாம். ரேடியோ அலையில் ஒலிபரப்ப உரிமம் வேண்டும். ஆர்வக்கோளாறில் வழக்கை வாங்கிக்கொள்ளாதீர்கள். ஐம்பது காருக்குச் சாதாரண ஒலிபெருக்கியே போதும். ஒரே இடத்தில் பெரிதாக வைத்து அலற விடாமல், வரிசைக்கு இரண்டு சிறிய பெட்டிகளாகத் தாழ்வாக வையுங்கள். கார்க் கண்ணாடியை இறக்கிக்கொண்டால் தெளிவாகக் கேட்கும். கைக்குழந்தைக்காரர்கள் பாதி ஏற்றிக்கொள்ளட்டும். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்குங்கள். இரவு பத்து மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஏழேகாலுக்குத் தொடங்கினால் இரண்டரை மணி நேரப் படம் ஒன்பதே முக்காலுக்கு முடியும். இடைவேளையை நீட்டி மரச்சீனிக்கிழங்கும் சுக்குக்காப்பியும் விற்கும் திட்டம் இருந்தால் படத்தைச் சின்னதாகப் பாருங்கள். எந்தப் படமானாலும் உரிமை வைத்திருப்பவரிடம் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். இலவசமாகக் காட்டினாலும் அது பொதுக் காட்சிதான்.

சரிவு இடைஞ்சல் இல்லை, வரம். திரையைப் பள்ளத்தில் கட்டி, கார்களை மேட்டில் திரையைப் பார்க்க நிறுத்துங்கள். கட்டை அடுக்க வேண்டாம். முடிந்தால் திரை மைதானத்தின் மேற்கு ஓரத்தில், கிழக்கு நோக்கி இருக்கட்டும். அந்தி வெளிச்சம் திரையின் முதுகில்தான் படும், படம் வெளுக்காது. திரையின் மேல் சந்தியின் தெருவிளக்கு ஏதாவது நேராக அடித்தால் இரண்டு தென்னை ஓலையை வைத்துத் தட்டி கட்டி மறையுங்கள். முதலில் பாய், அடுத்து ஆட்டோவும் பைக்கும், பிறகு சின்னக் கார்கள், கடைசியில் உயரமான வண்டிகள். வண்டி பெரிதாக இருக்கிறது என்று முன்னால் வந்து நிற்கப் பார்ப்பார்கள்; மரியாதையோடு பின்னால் அனுப்ப இரண்டு பையன்கள் வாசலில் நிற்கட்டும். முகப்பு விளக்கு தானாக எரியும் வண்டிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. அவற்றின் விளக்கை மூட ஒரு சாக்குப் பை.

திரைத் துணியை நாலு மூலையில் மட்டும் கட்டாதீர்கள். ஓரம் முழுவதும் ஒரு முழத்துக்கு ஒரு வளையம் தைத்து, கம்பிச் சட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள். பிறகு, படம் முடியும்வரை உள்விளக்கையும் பாட்டுப் பெட்டியையும் போட்டு வைக்கிறவர்களுக்குக் கிளம்பும்போது பேட்டரி இறங்கியிருக்கும். பக்கத்து வண்டியிலிருந்து மின்சாரம் எடுக்கும் வயர் ஒரு ஜோடி மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி வையுங்கள். புரொஜக்டரைத் தரையில் வைக்காமல் ஆளுயர மேடையில் வையுங்கள். நடந்து போகிறவன் தலை திரையில் தெரிந்தால் அன்றைக்கு அவன்தான் கதாநாயகன்.

தேதி முடிவானதும் எழுதுங்கள். பகல் வெளிச்சத்திலேயே வந்து சட்டம் எங்கே நட வேண்டும் என்று பார்த்துவிடுகிறேன்.